ஜாக்கியில் ஆயில் கசிந்தால்: சீல் மாற்றலாமா, புதிது வாங்கலாமா?

வணக்கம். உங்கள் 5 டன் பாட்டில் ஜாக்கியில் ஆயில் கசிகிறது, வண்டியைத் தூக்கினால் மெல்ல இறங்கிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் ஜாக்கியை நன்றாகத் துடைத்துவிட்டு, எடை ஏற்றி, ஆயில் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பக்கவாட்டில் உள்ள ரப்பர் மூடியில் கசிந்தால் பெரிய கோளாறில்லை. டிக்கியில் படுக்க வைத்திருந்தாலோ, ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலோ அப்படித்தான் வரும். பம்ப் தண்டிலோ, ஜாக்கியை இறக்கத் திருகும் ரிலீஸ் வால்விலோ கசிந்தால் அங்கிருக்கும் ஓ-ரிங்கை (சின்ன ரப்பர் வளையம்) மாற்றினால் போதும்.

மேலேறும் பெரிய தண்டைச் சுற்றிக் கசிந்தால்தான் யோசிக்க வேண்டும். தண்டை முழுக்க ஏற்றி, நகத்தால் தடவிப் பாருங்கள். துருக்குழியோ கீறலோ தட்டுப்பட்டால் புது சீலையும் (தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வளையம்) அது கிழித்துவிடும், காசு வீண். அதற்குப் புதிதே வாங்கிவிடலாம். வழவழப்பாக இருந்தால், பழைய சீலைக் கையோடு கொண்டுபோய் அதே அளவில் வாங்குங்கள்.

ஆயில் விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்: ஹைட்ராலிக் ஜாக் ஆயில்தான். பிரேக் ஆயில் ஊற்றினால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். தண்டை முழுக்க இறக்கி, அந்த ரப்பர் மூடியைக் கழற்றினால் தெரியும் துளையின் கீழ்விளிம்பு வரை ஊற்றுங்கள். அப்புறம் ரிலீஸ் வால்வைத் திறந்தபடி பத்துப் பதினைந்து முறை பம்ப் அடித்தால் உள்ளே இருக்கும் காற்று வெளியேறும்.

சரிசெய்த ஜாக்கியானாலும் புதிதானாலும், வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு வைக்காமல் வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.