கன்னிகையா, இளம்பெண்ணா?

கேள்வி: ஞாயிறு பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். ஒரு பெண் கர்ப்பவதியாகி ஒரு குமாரனைப் பெறுவாள் என்று சொல்லும் ஏசாயா 7:14-இல், அந்தப் பெண்ணுக்கு என் பழைய வேதாகமத்தில் 'கன்னிகை' என்று இருக்கிறது. ஒரு பையன் கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பிலோ 'இளம்பெண்'. யூதர்கள் மூலத்தையே திருத்திவிட்டார்கள் என்கிறார் இன்னொரு ஆசிரியர். பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

பதில்: யாரும் திருத்தவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். எபிரேயத்தில் அங்கே இருப்பது 'அல்மா'. பருவம் வந்த பெண் என்று பொருள். அவள் கன்னியா என்பதை அந்தச் சொல் பேசுவதில்லை. சாக்கடல் பக்கத்தில் கும்ரான் குகையில் 1947-இல் கிடைத்த ஏசாயா சுருள் இயேசுவுக்குச் சுமார் நூறு ஆண்டு முந்தியது. அதிலும் 'அல்மா'தான். கிறிஸ்தவர்களே இல்லாத காலத்தில் யாரை மறுக்க யார் திருத்தியிருப்பார்கள்?

சரி, 'கன்னிகை' எங்கிருந்து வந்தது? அதுவும் யூதர்கள் தந்ததுதான். கிரேக்கம் பேசிய யூதர்கள், இயேசுவுக்கு முன்பே, தங்கள் வேதத்தை மொழிபெயர்த்தபோது இங்கே 'பார்த்தெனோஸ்' என்று போட்டார்கள். பெரும்பாலும் கன்னி என்றுதான் பொருள். ஆனால் ஆதியாகமம் 34:3-இல், சீகேம் கெடுத்த பிறகும் தீனாளுக்கு அதே சொல் வருகிறது. (அந்தக் கதையை வகுப்பில் எடுப்பதா என்பது உங்கள் விருப்பம்.) இயேசுவின் பிறப்பைச் சொல்லும்போது மத்தேயு மேற்கோள் காட்டுவது இந்தக் கிரேக்கச் சொல்லைத்தான்.

சண்டை பிறகு வந்தது. கி.பி. 160-ஐ ஒட்டி ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர் எழுதிய உரையாடலில், திரிபோ என்ற யூதர் "அது இளம்பெண், பிள்ளை எசேக்கியா ராஜா" என்று வாதிடுகிறார். ஜஸ்டின் விடுவதாயில்லை, உங்கள் ஆட்கள் வேதத்தில் சில பகுதிகளையே வெட்டிவிட்டார்கள் என்கிறார். உங்கள் சக ஆசிரியரின் குற்றச்சாட்டுக்கு இவ்வளவு வயது! யூதர்களோ, தாங்கள் பெற்ற கிரேக்க வேதத்தைச் சபையிடமே விட்டுவிட்டு, 'இளம்பெண்' என்று எழுதிய அக்கீலா என்பவரின் புதுக் கிரேக்க மொழிபெயர்ப்புக்குப் போனார்கள். அப்படியும் உறவு ஒரே நாளில் அறுந்துவிடவில்லை. 386-இல்கூட, யூதரின் ஜெப ஆலயத்துக்குப் போகும் தன் சபையாரை அந்தியோகியாவில் கிறிசோஸ்தோம் என்ற பிரசங்கியார் திட்டிக்கொண்டிருந்தார்.

வகுப்பில் 14-ஆம் வசனத்தில் தொடங்காதீர்கள். 1 முதல் 16 வரை ஒரே மூச்சில் வாசிக்கச் சொல்லுங்கள். எருசலேமுக்கு எதிராக இரண்டு ராஜாக்கள் கிளம்பியிருக்கிறார்கள், அதன் ராஜா ஆகாஸ் நடுங்குகிறான், இந்தப் பிள்ளைக்கு நன்மை தீமை தெரியுமுன்பே அவர்களுடைய தேசம் பாழாகும் என்பதே அடையாளம். ஆகாஸின் காதில் விழுந்தது அதுதான். அந்த வசனத்தில் இயேசுவையும் கண்டது மத்தேயுவின் விசுவாசம். முதல் பொருளோடு நிற்கும் யூதர் எதையும் மறைக்கவில்லை.

அப்புறம், அந்தப் பையனின் புத்தகத்திலேயே மத்தேயு 1:23-ஐத் திறக்கச் சொல்லுங்கள். அங்கே 'கன்னி' என்றே இருக்கும்.