பால் குடித்தால் பெயின்ட் நெடி போய்விடுமா?

கேள்வி: பீன்யாவில் மின் பேனல் பெட்டிகள் செய்யும் ஒரு ஷெட்டில் ஸ்பிரே பெயின்டராக வேலை பார்க்கிறேன். மாலையானால் தலை கனக்கிறது. சில மாதங்களாக வீட்டில் நடு இரவில் இருமலும் மூச்சிறைப்பும் வருகின்றன. என்95 மாஸ்க் போட்டுக்கொள்கிறேன். முதலாளி தினமும் பாலும் வெல்லமும் கொடுத்து, அதுவே போதும் என்கிறார். இப்போது நெடியே அவ்வளவாகத் தெரிவதில்லை. உடம்பு பழகிவிட்டது என்று கொள்ளலாமா?
(பெயர் வெளியிட வேண்டாம், பெங்களூரு)

பதில்: கொள்ளக் கூடாது. நெடி தெரியாமல் போவது மூக்கு சலித்துவிட்டதற்கு அடையாளமே தவிர, நுரையீரலும் மூளையும் ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம் அல்ல. பெயின்டை இளக்கும் தின்னரில் உள்ள டொலுவின், சைலீன் போன்ற கரைப்பான்கள் மூச்சு வழியே நேராக இரத்தத்தில் கலக்கின்றன. தலைபாரம், கிறுகிறுப்பு, குமட்டல் எல்லாம் அவற்றின் வேலை. பால் வயிற்றுக்குப் போகிறது, ஆவி நுரையீரலுக்குப் போகிறது; இரண்டும் எங்கும் சந்திப்பதில்லை. சத்துக்காகப் பாலைக் குடியுங்கள், அதைப் பாதுகாப்புச் செலவாக முதலாளி கணக்கில் காட்ட அனுமதிக்காதீர்கள்.

தலைபாரத்தைவிட உங்கள் இரவு இருமலே எனக்கு அதிகக் கவலை தருகிறது. நீங்கள் அடிப்பது, இறுக வைக்கும் ஹார்டனரைத் தனியாகக் கலக்கும் டூ-கே பாலியூரித்தேன் பெயின்ட் என்றால், அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்னும் பொருள் இருக்கும். அது ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. மூக்குக்குத் தெரியாத அளவிலேயே கெடுதல் செய்யும். பாதிப்பு வேலை நேரத்தில் தெரியாமல் பல மணி நேரம் கழித்து இரவில் வெளிப்படுவதும் உண்டு என்பதால், பலர் அதைப் பெங்களூரு குளிர் என்றோ மகரந்த அலர்ஜி என்றோ எண்ணி மருந்துக் கடையில் சிரப் வாங்கிக் காலத்தைக் கடத்திவிடுகிறார்கள். விடுமுறை நாட்களில் தொல்லை குறைந்து, வேலைக்குத் திரும்பியதும் கூடுகிறதா என்று குறித்து வையுங்கள். மருத்துவருக்கு அந்தக் குறிப்பு மிகவும் உதவும். ஒருமுறை உடல் இதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே மூச்சைத் திணறடிக்கும். அந்த நிலையில் மாஸ்க்கை மாற்றுவதைவிட வேலையை மாற்றுவதே வழி.

என்95 மாஸ்க் பெயின்ட் துளிகளில் பெரும்பகுதியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஆவிக்குக் கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ் (வடிகட்டிக் குப்பி) பொருத்திய முகமூடி வேண்டும். அதன்மேல் துளிகளுக்கான வடிகட்டியும் வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும். வேலை முடிந்ததும் கார்ட்ரிட்ஜை ஆணியில் தொங்கவிட்டால் இரவெல்லாம் ஷெட் காற்றை உறிஞ்சி வீணாகும், எனவே மூடிய டப்பாவில் வையுங்கள். டூ-கே பெயின்டுக்கு, சுவாசிக்கத் தகுந்ததாகச் சுத்தம் செய்த காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடிதான் சரியானது. எண்ணெய்ப் புகை கலந்த கம்ப்ரசர் காற்றை அப்படியே இணைப்பது புதிய ஆபத்து. ஸ்பிரே கன்னை நிறுத்தியவுடன் முகமூடியைத் தூக்கிவிட்டு பெட்டியின் ஃபினிஷிங்கைப் பார்ப்பது ஏறக்குறைய எல்லாப் பெயின்டர்களுக்கும் உள்ள பழக்கம். கண்ணுக்குத் தெரியாத துளிகள் அப்போதும் பெயின்ட் அடிக்கும் அறைக்குள் சில நிமிடங்கள் மிதந்துகொண்டிருக்கும்.

ஆயினும் மாஸ்க் கடைசி அரண்தான். முதலில் திருத்த வேண்டியது ஷெட்டின் காற்றோட்டம். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானதால் தரையை ஒட்டித் தேங்குகிறது. கூரைக்கு அருகில் மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன் அதைச் சரியாக இழுக்காது. புதுக்காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து, உங்களைக் கடந்து பெட்டிமேல் பட்டு, எதிர்ச் சுவரின் கீழ்ப்பகுதி வழியே வெளியேற வேண்டும். பெடஸ்டல் ஃபேன் வைப்பது பக்கத்தில் வயரிங் செய்கிறவர்களுக்கும் ஆவியில் பங்கு கொடுப்பதாகும். மழைக் காலத்தில் ஈரக்காற்றில் பெயின்ட் பளபளப்பு மங்கும் என்று ஷட்டரை இறக்கிவிடும் ஷெட்களில் நிலைமை இன்னும் மோசம். டொலுவின் ஏறக்குறைய 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும் என்பதால், எக்ஸாஸ்ட் மோட்டாரும் சுவிட்சும் தீப்பொறி பிறக்காத வகையாக இருக்க வேண்டும்.

முதலாளியிடம் பெயின்ட், ஹார்டனர், தின்னர் மூன்றின் பாதுகாப்புத் தகவல் தாள்களைக் கேளுங்கள், விற்பனையாளரிடம் கிடைக்கும். உடல்நலம் பற்றிய தகவலைக் கேட்கும் உரிமையை முன்பு 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தந்தது; இப்போது அதற்குப் பதிலாக வந்துள்ள 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் தொழிலாளிக்குத் தருகிறது. சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இருந்தால், அந்தத் தாள்களுடன் பீன்யா அல்லது ராஜாஜிநகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குச் சென்று, செய்யும் தொழிலை முதலில் சொல்லி, நுரையீரல் திறன் பரிசோதனை கேளுங்கள். தொழில்வழி ஆஸ்துமா சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருப்பதால், பதிவேட்டில் தொழில் எழுதப்படுவது பிற்காலத்துக்கும் முக்கியம்.

கேள்வி: என் கணவர் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் கராஜில் வேலை செய்கிறார். அதே உடையோடு வந்து குழந்தையைத் தூக்குகிறார். இதனால் கெடுதல் உண்டா?
(ஒரு வாசகி, ஸ்ரீராமபுரம்)

பதில்: துணியில் ஏறிய நெடி சிறிது நேரத்தில் போய்விடும், பழைய பெயின்டைத் தேய்த்த தூசி போகாது. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்னும் 2016ஆம் ஆண்டு விதிகள் தொழிற்சாலை, வாகனப் பெயின்டுகளைக் கட்டுப்படுத்துவதில்லை. எனவே அந்தத் தூசியில் ஈயம் இருக்கக்கூடும், குழந்தையின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். கராஜிலேயே உடை மாற்றி, கையைத் தின்னரில் அல்லாமல் சோப்பில் கழுவி, முகத்தையும் கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள். வேலைத் துணியைத் தனியாகத் துவையுங்கள். தேய்ப்பதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூசியே குறையும். குழந்தைக்கு இரத்தத்தில் ஈய அளவு பார்க்க வேண்டுமா என்று, கணவரின் தொழிலைச் சொல்லிக் குழந்தை மருத்துவரிடம் கேட்பது நல்லது.