டார்ச்சை அணைத்தால் கடல் தெரியவில்லை, மாலைக்கண்ணா?

கேள்வி: டாக்டர், எனக்கு 31 வயது, ஊர் தங்கச்சிமடம். நாட்டுப்படகில் ராத்தொழில். வலையைப் பார்க்க எல்இடி டார்ச் அடித்துவிட்டு அணைத்தால் ரொம்ப நேரம் கடலே தெரிவதில்லை. வானத்தில் மங்கலான வெள்ளியை (நட்சத்திரத்தை) நேராகப் பார்த்தால் காணவில்லை, கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் தெரிகிறது. மாலைக்கண்ணா?

பதில்: தம்பி, நீங்கள் சொன்ன இரண்டுமே நல்ல கண்ணில் நடப்பவைதான்.

விழித்திரையில் வெளிச்சத்தைப் பிடிக்க இரண்டு வகை செல்கள் உண்டு. கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம், பகலுக்கும் நிறத்துக்கும் அவைதான். குச்சி செல்கள் சுமார் 12 கோடி, இருட்டில் பார்ப்பதற்கு. விழித்திரையின் நட்டநடுப் புள்ளியில் குச்சி செல்லே கிடையாது, முழுக்கக் கூம்புதான்; நேராகப் பார்த்தால் வெள்ளியின் ஒளி அங்கேதான் விழும், அதனால் மறைகிறது, கண்ணைச் சற்றுத் திருப்பினால் ஒளி குச்சி செல்கள் மேல் விழுந்து வெள்ளி திரும்ப வந்துவிடும்.

இனி டார்ச். ஒரு குச்சி செல்லின் நுனிக்குள் ஏறக்குறைய ஆயிரம் தட்டுகள், காசு அடுக்கி வைத்ததுபோல. அவற்றில் ரோடாப்சின் என்ற பொருள் நிறைந்திருக்கிறது, வைட்டமின் ஏ இல்லாமல் அது உருவாகாது. ஒளி பட்டதும் ரோடாப்சினில் உள்ள வைட்டமின் ஏ துணுக்கு வளைந்த நிலையிலிருந்து நிமிர்கிறது, செல்லின் வாசல்கள் மூடுகின்றன, அடுத்த நரம்புக்குப் போகும் ரசாயனம் குறைகிறது. ஆமாம், குறைகிறது! இந்த செல்கள் இருட்டில்தான் ஓயாமல் ரசாயனத்தை விட்டுக்கொண்டிருக்கும், வெளிச்சம் வந்தால் அடங்கும். மருத்துவம் படிக்கும்போது இந்தத் தலைகீழ்க் கணக்கில் நானும் குழம்பியிருக்கிறேன். சரி, உங்கள் எல்இடி ரோடாப்சினில் ஒரு பகுதியை ஒரேயடியாகச் செலவழித்துவிடுகிறது. திரும்ப முழுசாகச் சேர அரை மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். சிவப்பு வெளிச்சம் குச்சி செல்களுக்கு அவ்வளவாக உறைக்காது, அதனால் படகில் மங்கலான சிவப்பு விளக்கு வைத்துக்கொள்ளுங்கள், இருட்டுப் பார்வை கெடாது.

ஆனால் கரையிலோ படகிலோ இருட்டில் அரை மணி இருந்தபிறகும் கூட வருபவருக்குத் தெரிவது உங்களுக்குத் தெரியவில்லை, பக்கத்தில் கிடக்கும் கயிறு தட்டுகிறது, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறது என்றால் தள்ளிப்போடாமல் வந்து காட்டுங்கள். அப்பா அம்மா நெருங்கிய சொந்தத்தில் கட்டியவர்களா என்றும் கேட்பேன், குச்சி செல்கள் மெல்ல அழியும் பரம்பரை நோய் அப்படிப்பட்ட குடும்பங்களில் கூடுதலாக வரும். வெள்ளை விழியில் நுரை மாதிரித் திட்டு, கண் வறட்சி என்றால் வைட்டமின் ஏ குறைவைச் சந்தேகிப்போம். அதற்காகக் கடையில் நீங்களே மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், அளவு மிஞ்சினால் ஈரலுக்குக் கேடு, கர்ப்பமாக இருக்கும் பெண்கள் தொடவே கூடாது. முருங்கைக்கீரையும் மீனும் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

வரும்போது யாரையாவது கூட்டி வாருங்கள். கண்ணின் பாப்பா (கருவிழி நடுவில் உள்ள துளை) விரிய மருந்து ஊற்றிப் பார்ப்போம், சில மணி நேரம் கண் கூசும், திரும்பும்போது பைக்கை அவர் ஓட்டட்டும்.