பிரைட்டன் பப்புக்கு எந்த ஆண்டைப் போடுவது?

வணக்கம். இங்கிலாந்தின் கடற்கரை ஊரான பிரைட்டனில், பிளாக் லயன் தெருவிலுள்ள 'கிரிக்கெட்டர்ஸ்' பப் (மதுக்கடை) 1547இல் தொடங்கியது என்கிறார்கள், ஆனால் கட்டடத்தைப் பார்த்தால் விக்டோரியா காலத்தது (19ஆம் நூற்றாண்டு) போல இருக்கிறது, கட்டுரையில் எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள்.

இரண்டையும் எழுதலாம், கலக்காமல் எழுதுங்கள். 1547 என்பது அந்த இடத்தில் மதுக்கடை தொடங்கியதாகச் சொல்லப்படும் ஆண்டு. நீங்கள் பார்க்கும் முகப்பின் வயது வேறு. இங்கிலாந்தில் பழைய கடைகளுக்குப் புது முகப்பு வைப்பது சகஜம். 1841இல் லண்டனிலிருந்து ரயில் வந்து கூட்டம் குவிந்த ஊரில் கேட்கவே வேண்டாம்.

1547ஐ உறுதியான செய்தியாக எழுதாமல் 'என்று சொல்லப்படுகிறது' என்றே போடுங்கள். மதுக்கடைகளுக்கு நீதிபதிகளின் உரிமம் கட்டாயமானதே 1552ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். உரிமப் பதிவேடுகளை ஒழுங்காக வைக்கச் சொன்னது 1753ஆம் ஆண்டுச் சட்டம். அதனால் அதற்கு முந்தைய காலத்துக்கு ஆவணம் சிக்குவது பெரும்பாலும் அதிர்ஷ்டம்தான். 'ஊரிலேயே பழையது' என்ற பெருமையை எந்தக் கடைக்காரர்தான் விடுவார்?

பெயர் மாற்றத்தை விட்டுவிடாதீர்கள், எனக்கு அதுதான் சுவாரசியம். முதலில் இதன் பெயர் 'லாஸ்ட் அண்ட் ஃபிஷ்கார்ட்'. லாஸ்ட் என்பது மீன் எண்ணும் பழைய அளவு, ஃபிஷ்கார்ட் மீன் வண்டி. மீனவர் ஊர் உல்லாச நகரமாக மாறிக்கொண்டிருந்த 1790 வாக்கில்தான் கிரிக்கெட் பெயர் வந்தது.

அப்புறம், ஆவணங்களுக்கு பிரைட்டன் அருகே ஃபால்மரில் உள்ள 'தி கீப்' காப்பகத்துக்குப் போங்கள். பழைய பெயரிலும் தேடச் சொல்லுங்கள்.