வெர்ஷன் எண்ணை யார் போடுவது? (கேள்வி-பதில்)

கேள்வி: வெர்ஷன் எண் ஒரு ஃபைலில் இருக்கிறது. ஒவ்வொரு பில்டிலும் சிஐ (கோடு மாறும்போதெல்லாம் தானாக பில்டு செய்யும் அமைப்பு) அதைக் கூட்டி கிட்டில் கமிட் செய்கிறது, அதாவது மாற்றமாகப் பதிகிறது. அந்தக் கமிட்டே அடுத்த பில்டைக் கிளப்பிவிடுகிறது. எப்படி நிறுத்துவது?

பதில்: கமிட் செய்தியில் சதுர அடைப்புக்குள் ‘ஸ்கிப் சிஐ’ என்று ஆங்கிலத்தில் போட்டால் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ், கிட்லேப் இரண்டிலும் சுற்று நின்றுவிடும். ஆனால் பிராஞ்சுகளை (கோடின் தனித்தனிக் கிளைகளை) மெர்ஜ் செய்யும்போது அந்த ஒரு வரியில் கான்ஃப்ளிக்ட் (மோதல்) வந்துகொண்டேதான் இருக்கும். எண்ணை ஃபைலிலிருந்தே எடுத்துவிடுங்கள். ரிலீஸுக்கு ஒரு கிட் டேக் (ஒரு கமிட்டுக்கு ஒட்டும் பெயர்ச்சீட்டு) போதும். பில்டு நேரத்தில் ‘கிட் டிஸ்க்ரைப்’ கட்டளை அதிலிருந்து எண்ணைத் தரட்டும்.

கேள்வி: அப்படித்தான் செய்கிறோம். என் மெஷினில் எண் வருகிறது, சிஐ-யில் ‘டேக் இல்லை’ என்கிறது.

பதில்: கிட்ஹப்பின் செக்அவுட் ஆக்‌ஷன் வழக்கமாகக் கடைசி ஒரு கமிட்டை மட்டுமே இறக்கும். பழைய கமிட்டும் இல்லை, டேகும் இல்லை. அதன் ‘ஃபெட்ச்-டெப்த்’தை (எத்தனை கமிட் இறக்குவது என்ற அமைப்பை) 0 ஆக்குங்கள், முழு வரலாறும் வரும்.

எண் வந்த பிறகுதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். 1.4.2 டேகுக்குப் பின் ஏழு கமிட் ஆகியிருந்தால் டிஸ்க்ரைப் தருவது 1.4.2-7 என்று தொடங்கும். நமக்கு அது 1.4.2-க்குப் பிந்தையது. செமான்டிக் வெர்ஷனிங் என்ற வெர்ஷன் எண் விதியிலோ எண்ணுக்குப் பின் ஹைஃபன் வந்தாலே ப்ரீ-ரிலீஸ் (வெளியீட்டுக்கு முந்தைய பதிப்பு), அதாவது 1.4.2-ஐ விடப் பழையது! பேக்கேஜ் மேனேஜர் (மென்பொருளை இறக்கி நிறுவும் கருவி) புதிய பில்டை ஒதுக்கிவிட்டுப் பழையதையே எடுத்துக்கொள்ளும். கடைசி எண்ணை ஒன்று கூட்டி, 1.4.3-0.7 என்ற வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: தேதியையே எண்ணாக வைத்தால் என்ன? 20250614 மாதிரி.

பதில்: மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் அசெம்பிளி (பில்டில் கிடைக்கும் ஃபைல்) வெர்ஷனின் ஒவ்வொரு பகுதிக்கும் உச்சவரம்பு 65534. கம்பைலரே மறுத்துவிடும். ஆண்ட்ராய்டில் வெர்ஷன் கோடு (ஆப்பின் உள் வெர்ஷன் எண்) 2100000000 வரை போகலாம். தேதியோடு இரண்டு இலக்கம் சேர்த்து 2025061401 என்று வைத்தால் 2099 வரை ஓட்டலாம், அதற்குப் பிறகு வருபவர்கள் பாடு. ஆனால் பெரிய எண்ணை ஒருமுறை ப்ளே ஸ்டோரில் வெளியிட்டுவிட்டால், அதைவிடச் சிறிய எண்ணில் அப்டேட் கொடுக்க முடியாது. முதல் தடவையே யோசித்து வையுங்கள்.

கேள்வி: 1.4.2+கமிட் ஐடி என்று டாக்கர் டேக் (ஆப்பைக் கட்டிவைக்கும் டாக்கர் இமேஜின் பெயர்ச்சீட்டு) வைத்தால் பிழை வருகிறதே?

பதில்: டாக்கர் டேகில் கூட்டல் குறிக்கு இடமில்லை. அடிக்கோடு போடுங்கள்.