உப்பு அழுகிறது, எண்ணெய் உறங்குகிறது
மாரிகால வாசகர் கேள்வி – பதில்

கார்த்திகை பிறந்த நாளிலிருந்து வந்த கடிதங்களில் பாதி, மை கரைந்துதான் கைக்கு வந்தன. வாசிக்க முடிந்தவற்றுக்குப் பதில் தருகிறோம். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டதால் எல்லோருக்கும் நாங்களே பட்டப்பெயர் வைத்துவிட்டோம். கோபிக்க வேண்டாம்.

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் மகனிடம் "இங்க ஒரே குளிர் மனே" என்றால் சிரிக்கிறான். "23 பாகைக்கு யாரம்மா கம்பளி போர்க்கிறது?" என்கிறான். இது குளிரா, இல்லையா?
– போர்வைக்குள் இருந்து, களுவாஞ்சிக்குடி

பதில்: குசினியில் இருக்கும் தேங்காயெண்ணெய்ப் போத்தலைப் பாருங்கள், அம்மா. ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே இறங்கினால் அது உறையத் தொடங்கும். விடியற்காலையில் போத்தலின் அடி வெள்ளையாக மங்கியிருந்தால் அதைப் படம் பிடித்து மகனுக்கு அனுப்புங்கள்.

இன்னொன்றையும் அவரிடம் கேளுங்கள்: வீட்டுக்குள் ஹீட்டரை எத்தனையில் வைத்திருக்கிறார்? 21 அல்லது 22 என்பார். உங்கள் வீட்டுச் சூடும் ஏறத்தாழ அதுதான். ஆனால் அவருக்குக் காய்ந்த காற்று, காய்ந்த தரை, காய்ந்த சட்டை. உங்களுக்கோ தலைமயிரிலிருந்து தலையணை வரை ஈரம். தோலிலும் துணியிலும் உள்ள நீர் ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் கூட எடுத்துக்கொண்டு போகும். வாடைக்காற்று வீசினால் அது இன்னும் விரைவாக நடக்கும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்தன. அங்கே பனியும் விழவில்லை, தண்ணீரும் உறையவில்லை. நனைந்த உடம்பில் காற்று பட்டதே போதுமாக இருந்தது.

ஆகவே போர்வையைக் கூட்டுவதற்கு முன் கீழே கவனியுங்கள். சிமெந்துத் தரை இரவு முழுக்க முதுகிலிருந்து சூட்டை உறிஞ்சும். பாயின் கீழே பழைய பத்திரிகைத் தாள் எட்டுப் பத்து அடுக்கு விரித்து, பாயின் மேல் ஒரு சீலையை நாலாக மடித்துப் போடுங்கள். மேலே இரண்டாவது போர்வை போடுவதை விட இது பலன் தரும். காலையில் தாளைத் தூக்கிக் காற்றாட விடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் நாள் பூஞ்சணம் பிடிக்கும். தலை முழுகுவதென்றால் பகலோடு முடித்துவிடுங்கள். ஈரத் தலையோடு படுத்தால் எந்தக் கம்பளியும் உதவாது.

கேள்வி: மூன்று நாளாகக் கொடியில் கிடக்கும் உடுப்பு காயவில்லை. காய்ந்ததைப் போட்டாலும் ஒரு மக்கல் மணம். அறையைப் பூட்டி ஃபேன் போட்டும் பார்த்தாயிற்று.
– கொடியடியில் குடியிருப்பவள், ஆரையம்பதி

பதில்: பூட்டியதுதான் பிழை, தங்கச்சி. ஃபேன் ஈரத்தைத் துணியிலிருந்து பிரிக்கும், வெளியே கொண்டுபோய்க் கொட்டாது. பூட்டிய அறையில் அந்த ஈரம் சுவருக்குப் போய், அலுமாரிக்குப் போய், மறுகா உங்கள் சட்டைக்கே திரும்பி வரும். காற்று அடிக்காத பக்கத்து யன்னலை ஒரு சாண் திறந்து, அதற்கு எதிரே உள்ள கதவையும் கொஞ்சம் திறந்துவிடுங்கள். ஃபேனைக் கொடியின் ஒரு நுனியில் வைத்து, துணிகளுக்கு இடையால் காற்று யன்னலை நோக்கி ஓடும்படி திருப்புங்கள்.

அதற்கு முன் தண்ணீரைக் குறைக்க வேண்டும். கையால் முறுக்கிய பருத்தித் துணி கிட்டத்தட்டத் தன் எடையளவு நீரை வைத்திருக்கும். மெசின் இருந்தால் ஸ்பின்னை இரண்டு தரம் ஓட விடுங்கள். இல்லாவிட்டால் காய்ந்த துவாயை விரித்து, அதன்மேல் சட்டையை வைத்துப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, மேலே ஏறி ஒரு நிமிடம் நில்லுங்கள். வீட்டில் நல்ல கனமான ஆள் ஒருவர் இருந்தால் இந்த வேலையை அவருக்குக் கொடுக்கலாம், கௌரவமாகவும் இருக்கும். துவாய் குடிக்கிற நீரைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

விரிக்கும் முறையும் உண்டு. துணிக்குத் துணி நாலு விரல் இடைவெளி. களுசானை உட்புறம் வெளியே திருப்பி, இடுப்புப் பக்கம் வாய் திறந்து நிற்கும்படி இரண்டு கிளிப்பில் தொங்கவிடுங்கள். பொக்கற்றுகள்தான் கடைசியாகக் காயும், அவற்றையும் வெளியே இழுத்து விடுங்கள். சாரத்தை ஒற்றைக் கொடியில் இரட்டையாகப் போடாமல், பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு கொடிகளில் குகைபோல் விரித்தால் உள்ளாலும் காற்றுப் போகும். ஒரு நாளைக்கு ஒரு வாளித் துணிக்கு மேல் தோய்க்க வேண்டாம். ஒரு கிழமைத் துணியை ஒரே நாளில் தோய்த்தால் வீடு ஆறாகிவிடும்.

மக்கல் மணம் கிருமியின் வேலை. துணி ஒரு நாளுக்கு மேல் ஈரமாகக் கிடந்தால் அது பெருகிவிடும், சவுக்காரம் கூட்டிப் போட்டாலும் போகாது. 5 லீற்றர் தண்ணீரில் அரைக் கோப்பை வெள்ளை வினாகிரி கலந்து அரை மணித்தியாலம் ஊறவிட்டு, அலசி, பிறகு வழக்கம்போல் தோயுங்கள். அதே வாளியில் பிளீச் மட்டும் சேர்க்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். ஓரளவு காய்ந்ததும் அயன் பிடித்தால் மீதி ஈரம் போகும், ஆனால் சுடச்சுட அலுமாரிக்குள் அடுக்காமல் ஒரு மணித்தியாலம் தொங்க விடுங்கள். அடுப்புக்கு மேல் கொடி கட்ட வேண்டாம். நெருப்புப் பயம் ஒருபுறம், நெத்தலிக் கருவாட்டு மணத்தோடு கந்தோருக்குப் போக வேண்டி வருவது இன்னொருபுறம்.

கேள்வி: வீட்டில் பிறந்து இருபது நாள் குழந்தை. குளிருக்கு அறைக்குள் தணல் சட்டி வைத்துக் கதவைச் சாத்தலாமா? பழைய ஆட்கள் வைத்தார்கள்தானே.
– புதுப் பேரன் கிடைத்தவர், வந்தாறுமூலை

பதில்: இதில் பகிடி இல்லை. வைக்கவே கூடாது. கரித் தணலிலிருந்து காபன் மொனொக்சைட் வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை தெரியாததால் ஆபத்து இல்லையென்று நினைத்துவிடுவோம். தலையிடி, குமட்டல், நித்திரை மயக்கம் என்று தொடங்கி, தூங்கியவர் எழும்பாமலே போகலாம். பழைய ஆட்களின் வீடு கிடுகுக் கூரையும் இடைவெளிச் சுவருமாக இருந்தது, காற்று தானாக வந்து போனது. உங்களுடையது அலுமினிய யன்னல் போட்டு இறுக்கிய அறை. கரண்ட் போகும்போது ஜெனரேற்றரை விறாந்தையில் வைத்து ஓடவிடுவதும் இதே ஆபத்துத்தான்.

குழந்தைக்குத் தொப்பி, காலுறை, காய்ந்த துணி போதும். நனைந்த துணியை உடனே மாற்றுங்கள். தாயின் நெஞ்சோடு தோல் படக் கிடத்தி, இருவருக்கும் சேர்த்து மேலே போர்த்துங்கள், குழந்தையின் முகம் மட்டும் திறந்திருக்க வேண்டும். அதை விட நல்ல ஹீட்டர் கடையில் இல்லை. சுடுதண்ணீர்ப் போத்தலைக் குழந்தையின் பக்கத்தில் வைக்க வேண்டாம். படுக்கையைச் சூடாக்க வேண்டுமென்றால் முதலில் வைத்து, குழந்தையைக் கிடத்த முன் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஓட்டு வீடு. மூன்று இடத்தில் சொட்டுகிறது. சொட்டுக்கு நேர் மேலே உள்ள ஓட்டை மாற்றியும் நிற்கவில்லை. இரவில் வாளிக்குள் 'டொக் டொக்' என்று விழ நித்திரையும் இல்லை.
– சொட்டு எண்ணி விடிந்தவர், மண்டூர்

பதில்: முதலில் நித்திரை. ஒரு சணல் கயிற்றை நனைத்து, சொட்டு விழும் சலாகையில் கட்டி, மறுநுனியை வாளியின் அடிவரை விடுங்கள். தண்ணீர் கயிற்றைப் பிடித்துச் சத்தமில்லாமல் இறங்கும். மீன் பாடும் தேன் நாடான மட்டக்களப்பில் மாரிக்குப் பாடுவது தவளைதான், அதையாவது நிம்மதியாகக் கேட்கலாம்.

இனி ஒழுக்கு. ஓட்டுக்குள் வந்த நீர் நேரே கீழே விழாது. சலாகையிலும் கைமரத்திலும் ஓடி, ஒரு முடிச்சோ ஆணியோ தடுக்கும் இடத்தில்தான் சொட்டும். ஆகவே சொட்டிலிருந்து கூரையின் மேட்டுப் பக்கமாகத் தேட வேண்டும். மழை பெய்யும்போது ரோர்ச் அடித்து, ஈரத் தடம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துக் கரித்துண்டால் அடையாளம் போடுங்கள். பகலில் விளக்கை அணைத்து நிமிர்ந்து பார்த்தால் வெளிச்சம் ஊசிபோல் வரும் ஓட்டை தெரியும்.

பெரும்பாலும் ஓடு உடைந்திருக்காது, குரங்கோ காற்றோ நகர்த்தியிருக்கும். மேல்வரிசை ஓட்டைக் கொஞ்சம் உயர்த்தி, நகர்ந்ததை மேலே தள்ளி, அதன் காது சலாகையில் மாட்டும்வரை விடாதீர்கள். வெடித்த ஓட்டுக்கு மாரி முடியும்வரை ஒரு மெல்லிய அலுமினியத் தகடு போதும். தகட்டின் மேல் நுனி மேல்வரிசை ஓட்டுக்குக் கீழேயும், கீழ் நுனி கீழ்வரிசை ஓட்டுக்கு மேலேயும் இருக்க வேண்டும். மாறி வைத்தால் நீங்களே தண்ணீருக்குப் பீலி கட்டிக் கொடுத்த மாதிரி. வெடிப்பில் சிமெந்து பூசுவது காசுக்கும் சிமெந்துக்கும் கேடு. வெயிலில் ஓடும் சிமெந்தும் ஒரே அளவாக விரியாது, அதனால் அடுத்த கச்சான் காற்றுக் காலத்திலேயே பிரிந்துவிடும். இரண்டு கூரை சந்திக்கும் பள்ளத்தில் இலை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். மூன்று இடத்தில் சொட்டுகிறது என்கிறீர்கள், மூன்றுக்கும் காரணம் அந்த ஒன்றாகவே இருக்கலாம்.

ஈர ஓட்டில் ஏற வேண்டாம். அஸ்பெஸ்டஸ் சீற்றாக இருந்தால் காய்ந்திருந்தாலும் அதன்மேல் கால் வைக்க வேண்டாம், உங்களோடு அதுவும் கீழே வரும்.

கேள்வி: உப்புப் போத்தலில் தண்ணீர் ஊறி நிற்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– கறி கரித்தவள், காத்தான்குடி

பதில்: இல்லை ராத்தா. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் சுத்தமான உப்பே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையும். மாரியில் நம் ஊர்க் காற்று அதைத் தாண்டித்தான் நிற்கும். கண்ணாடிப் போத்தல், இறுகிய மூடி, உள்ளே ஒரு தேக்கரண்டி வறுத்து ஆறிய அரிசி. அடுப்பின் ஆவி படாத தட்டில் வையுங்கள், ஈரக் கரண்டி போட வேண்டாம். கச்சான் கொட்டையில் பூஞ்சணம் கண்டால் மட்டும் வறுத்துத் தப்பிக்கப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். அதன் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது.

கேள்வி: கரண்ட் போனால் பிரிஜ்ஜில் உள்ள மீன் எவ்வளவு நேரம் தாங்கும்?
– வாழைச்சேனை

பதில்: திறக்காவிட்டால் கீழ்த்தட்டு 4 மணித்தியாலம். நிறைந்த பிரீசர் 48, பாதி நிறைந்தது 24. மீன் பழுதாகிவிட்டதா என்று அரை மணிக்கொரு தரம் திறந்து பார்ப்பதால்தான் அது பழுதாகிறது. பிரீசரில் காலி இடமிருந்தால் இப்போதே தண்ணீர்ப் போத்தல்களை முக்கால்வாசி நிரப்பி வையுங்கள். கட்டியாகும்போது விரியும், முழுக்க நிரப்பினால் வெடிக்கும்.

கேள்வி: மழைக்கு வெளியே போக வழியில்லை. கெரம் விளையாடலாம் என்றால் காய் பாதி வழியில் நின்றுவிடுகிறது. பேபி பவுடர் போட்டோம், இன்னும் மோசம்.
– வேலையில்லாத நாலு பேர், திருக்கோவில்

பதில்: பேபி பவுடர் ஈரத்தைக் குடித்துப் பசைபோல் பிடிக்கும். முதலில் அதைக் காய்ந்த பருத்தித் துணியால் முழுக்கத் துடைத்தெடுங்கள், ஈரத் துணி வேண்டாம். பிறகு கெரத்துக்கென்றே விற்கும் போரிக் பவுடரில் ஒரு சிட்டிகையை நடுவில் தூவி, உள்ளங்கையால் வட்டமாகப் பரப்புங்கள். வெண்மையாகத் தெரிந்தால் கூடிவிட்டது. அது வாய்க்குள் போகக் கூடாது, விளையாடிய கையோடு பகோடாவில் கை வைக்க வேண்டாம். காய்களின் ஓரத்தையும் துடையுங்கள். போட்டைச் சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்து, எல்லாக் காயும் ஒரே குழிக்குப் போகும். கட்டிலின் மேல் மட்டமாகக் கிடத்துங்கள். தோற்றவர் தேத்தண்ணி ஊற்ற வேண்டும் என்ற விதியை நாங்கள் ஆதரிக்கிறோம்.

கேள்வி: தை மாதம் ரொறன்ரோவில் மகளிடம் போகிறேன். கம்பளித் தொப்பி வாங்கிவிட்டேன். வேறென்ன?
– கல்முனை

பதில்: மொத்தமான கோட் ஒன்றை நம்புவதை விட மெல்லியதாக மூன்று அடுக்கு நல்லது. அடுக்குக்கு இடையில் நிற்கும் காற்றுத்தான் சூட்டைப் பிடிக்கும். தோலோடு படுவது பருத்திப் பனியனாக இருக்க வேண்டாம், வியர்வையை வைத்துக்கொண்டு குளிர வைக்கும். மெல்லிய கம்பளி அல்லது தேர்மல் உடுப்பு சரி. சப்பாத்து ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும், இறுக்கினால் இரத்தம் ஓடாமல் விரல் விறைக்கும். ஐஸ் பிடித்த நடைபாதையில் வாத்துபோல் சிறிய அடி வைத்து, கையைப் பையிலிருந்து வெளியே எடுத்து நடவுங்கள். பார்ப்பவர் சிரித்தால் சிரிக்கட்டும், அவரும் அப்படித்தான் நடக்கிறார்.

வீட்டுக்குள் நிலைமை தலைகீழ். குளிர்ந்த காற்றில் நீராவி மிகக் குறைவு, அதைச் சூடாக்கினால் வறண்டுவிடும். உதடு வெடிக்கும், கதவுக் கைபிடியைத் தொட்டால் சுருக்கென்று ஷொக் அடிக்கும். அங்கே உங்கள் ஈரச் சாரத்தை அறைக்குள்ளேயே விரிக்கலாம், மகள் நன்றி சொல்வாள். சோறு கொதிக்கும்போது மட்டும் அடுப்புக்கு மேல் உள்ள ஃபேனைப் போடுங்கள், இல்லாவிட்டால் ஆவி குளிர்ந்த யன்னலில் படிந்து ஒழுகும்.

கேள்வி: கதவு வீங்கி இறுகிவிட்டது. தச்சரைக் கூப்பிட்டுச் சீவட்டுமா?
– தோளால் கதவு திறப்பவர், அக்கரைப்பற்று

பதில்: இப்போது சீவாதீர்கள். மரம் ஈரம் குடித்து அகலவாட்டில் வீங்கியிருக்கிறது, நீளவாட்டில் அவ்வளவு மாற்றம் இராது. உராயும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு கடதாசியை இடுக்கில் விட்டு இழுத்துப் பாருங்கள். மாட்டும் இடத்தில் மெழுகுதிரியை அழுத்தித் தேய்த்தால் போதும். பிணைச்சல் ஆணிகள் தளர்ந்திருந்தால் முறுக்குங்கள், கதவு தொங்குவதாலும் உராயும். சித்திரையிலும் இறுகினால் அப்போது சீவலாம். இப்போதே சீவிவிட்டால் பங்குனியில் இரண்டு விரல் இடைவெளி விழும், பக்கத்து வீட்டுப் பூனைக்குத் தனி வாசல் கிடைக்கும்.