பால் பூத்துக்குப் போக வேண்டாம் என்றீர்கள்

கேள்வி: என் தாயாருக்கு 74 வயது. தந்தை மறைந்த பின், மயிலாப்பூர் வாடகை வீட்டைக் காலி செய்து, நாவலூரில் 11ஆவது மாடியில் உள்ள எங்கள் குடியிருப்புக்கு அழைத்து வந்தோம். தனி அறை, தொலைக்காட்சி, மருந்து என எதிலும் குறையில்லை. பால்கூடச் செயலி வழியாக வாசலுக்கே வந்துவிடுவதால், முன்போல் அவர் ஆவின் பூத்துக்கு நடக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஆறு மாதமாகச் சரியாகப் பேசுவதே இல்லை. மனநல மருத்துவரிடம் காட்டலாமா? - வாசகர், சென்னை.

பதில்: காட்டுங்கள், செவித்திறனையும் சோதித்துவிடுங்கள். ஆனால், பெரிய வசதி செய்து கொடுத்ததாக நினைத்து நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தப் பால் விஷயத்தை என்னால் கடந்து போக முடியவில்லை.

விடியற்காலையில் பால் அட்டையோடு பூத் வாசலில் நிற்கும் பெண்கள் அரை லிட்டர் பாலுக்காக மட்டும் நிற்பதில்லை. மகள் வீட்டுச் சேதி, மூட்டுவலி, நேற்றைய கோயில் கூட்டம் எல்லாம் அங்கேதான் கைமாறும். அதைவிட முக்கியமாக, இரண்டு நாள் ஒருவர் வராவிட்டால், ‘ஏன் காணோம்?’ என்று விசாரிக்க அங்கே நாலு பேர் உண்டு. உங்கள் 11ஆவது மாடியில் அப்படி விசாரிப்பவர் யார்? நீங்களோ காலையில் அலுவலகம் போனால் இரவில்தான் திரும்புவீர்கள். சுமையைக் குறைத்ததாக எண்ணி, அவரைப் பெயர் சொல்லி அழைத்த மனிதர்களையே வாழ்க்கையிலிருந்து எடுத்துவிட்டீர்கள்; அதற்கு முன் ஒரு வார்த்தை அவரைக் கேட்டதாகவும் கடிதத்தில் இல்லை.

பெற்றோர் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றைத்தான் பராமரிப்பு என்கிறது. அவற்றில் நீங்கள் குறை வைக்கவில்லை. ஆனால் சட்டம் கேட்பதைக் கொடுத்துவிட்டால் பிள்ளையின் கடமை தீர்ந்தது என்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வாசலுக்கு வரும் பாலை அவர் சம்மதத்தோடு நிறுத்துங்கள். அருகில் உள்ள கடைக்கு முதல் சில நாட்கள் கூடவே நடந்து, கடைக்காரருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் அவரை அறிமுகப்படுத்துங்கள். வாரம் ஒருமுறையேனும் மயிலாப்பூருக்கு அழைத்துச் செல்லுங்கள். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று சொல்லி, அவரைத் தனியே ஏற்றிவிட வேண்டாம். நீங்களும் போக வேண்டும்.

இன்றிரவே, அந்த வரிசையில் அவரோடு நின்றவர்கள் யார் யார் என்று கேளுங்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட உங்களுக்குத் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.